எழில் மிஸ்ஸின் பிள்ளைகள்

இரண்டாயிரத்து இரண்டாம் வருடம், பள்ளிக்கூடங்கள் திறந்த ஜூன் மாதத்தில், சாண்ட்ரா எண்ணூரில் பேருந்தை விட்டு இறங்கினாள். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சாலையைத் தாண்டி, கருவாடு காயும் மணல் தெருவில் வடக்கே நடந்தாள். தெரு முடிகிற இடத்தில் அந்தக் கட்டடம் இருந்தது. ஒரு காலத்தில் உப்பு இலாகாவின் ஆபீஸ். ஓடு சரிந்து, சுவரெல்லாம் உப்புப் பூத்து, பட்டப்பகலிலும் உள்ளே அரையிருட்டாகக் கிடந்தது. எதிரே கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கிற கழிமுகம், சேறும் தண்ணீருமாக அகன்று விரிந்திருந்தது. அதற்கும் அப்பால் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள் நின்றன.

வாசலில் ‘ஆற்றுப் பள்ளி’ என்று ஒரு பலகை. தொண்டு நிறுவனம் ஒன்று நடத்துகிற பள்ளி அது. பரீட்சை கிடையாது, பெஞ்சு கிடையாது. ராயபுரம், வியாசர்பாடி, திருவொற்றியூர் என்று ஊரெங்கும் இருக்கிற பள்ளிக்கூடங்களிலிருந்து பிள்ளைகளை வேனில் அழைத்து வருவார்கள். தண்ணீர் வற்றியிருக்கும் நேரத்தில் படகில் கொண்டுபோய்ச் சேற்றுத் திட்டில் இறக்கிவிடுவார்கள். பிள்ளைகள் நண்டு பார்க்கும், நத்தை பொறுக்கும், அழிந்துபோன கண்டல் காட்டை, அதாவது அலையாத்திக் காட்டை, மறுபடி வளர்ப்பதற்காக ஆளுக்கொரு கன்று நடும். தண்ணீர் ஏறுவதற்குள் எல்லாரையும் படகில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். இதையெல்லாம் முன்னின்று நடத்துகிற டீச்சர் வேலைக்குத்தான் சாண்ட்ரா வந்திருந்தாள். விலங்கியலில் எம்.எஸ்ஸி. படித்தவள். கணவன் பிராங்கிளின் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். ராயபுரத்தில் வீடு. இரண்டாம் வகுப்புப் படிக்கிற ஒரே மகள் பிலோமினா. கூப்பிடுவது பிலோ என்று.

கதவைத் திறந்தவள் அங்கே சமையல் செய்கிற கெங்கம்மா. வந்தவளை மேலும் கீழும் பார்த்தாள். சாண்ட்ரா செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிட்டாள்.

“நீதான் புது டீச்சரா? உள்ள வாம்மா. எழில் மிஸ்ஸு இருந்தா இந்நேரத்துக்கு வந்து, பசங்களுக்கு அல்லாத்தையும் எடுத்து வச்சிட்டு, எனுக்கு வெங்காயம் கூட உரிச்சிக் குடுத்துகினு இருக்கும். இன்னா பொண்ணு தெரிமா அது! தங்கம்.”

சாண்ட்ரா சிரித்து வைத்தாள். பழைய எரிச்சல் மெல்லக் கண் விழித்தது.

அந்தப் பெயர் அவளுக்குப் புதிதா என்ன? போன வருடம் பிலோவின் பள்ளியிலிருந்து இங்கே ஒரு நாள் வந்து போனார்கள். அன்றைக்குப் பிடித்தது சனியன். எழில் மிஸ் சொன்னாங்க, எழில் மிஸ் பாடினாங்க, எழில் மிஸ்ஸுக்கு நண்டுன்னா பயமே இல்ல என்று காலையில் பல் துலக்கும்போது தொடங்கினால் படுக்கிறவரை அதே பாட்டு. சாண்ட்ராவும் விலங்கியல் படித்தவள்தானே, நண்டைப் பற்றி அவளும் சொன்னாள். “எழில் மிஸ் இப்படிச் சொல்லல,” என்று சொல்லிவிட்டுப் பிள்ளை எழுந்து போய்விட்டது. ஒரு தடவை காய்ச்சலில் கிடந்தபோது, ஈரத்துணியை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த தாயை விட்டுவிட்டு, பிலோ “எழில் மிஸ்” என்றுதான் முனகியது. எந்தத் தாய்க்குத்தான் பொறுக்கும்?

மார்ச் மாதம் எழில்மொழி செத்துப்போனாள். வியாசர்பாடிக்காரி. கல்யாணம் ஆகாதவள். வேலை முடிந்து ஸ்கூட்டியில் வீடு திரும்பும்போது எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரி இடித்து, அந்த இடத்திலேயே போய்விட்டாள். பேப்பரில் பொடி எழுத்தில் செய்தி வந்தது. படித்ததும் சாண்ட்ரா “ஐயோ பாவம்” என்றாள். அந்த ‘ஐயோ பாவ’த்துக்குப் பின்னாலேயே நெஞ்சுக்குள் ஒரு ‘அப்பாடா’வும் வந்தது. மகளிடம், “எழில் மிஸ் வேற ஊருக்கு மாத்திப் போயிட்டாங்க,” என்று மட்டும் சொன்னாள். அந்த வேலை காலியாக இருக்கிறது என்று தெரிந்ததும் முதல் ஆளாகப் போய் நின்றாள்.

எதற்கு என்று கேட்டால், பிலோ ஒரு நாள் தன் சிநேகிதிகளிடம் “எங்க அம்மாதான் ஆற்றுப் பள்ளி மிஸ்” என்று சொல்ல வேண்டும். எழிலைப் பார்த்த அந்தக் கண்ணால் தன்னைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை.

முதல் வாரம் அவமானமாகப் போயிற்று. பிள்ளைகளைத் திட்டில் இறக்கினால் அவை திசைக்கொன்றாகச் சிதறிவிடும். கண்டல் புதர்களுக்குள் நுழைந்துகொண்டால் தலைகூடத் தெரியாது. திரும்ப அழைக்க சாண்ட்ரா விசில் வைத்திருந்தாள். ஊதினாள். ஒரு பிள்ளையும் திரும்பவில்லை. மறுபடி ஊதினாள். படகோட்டி குணசேகரன் துடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தான்.

“இன்னா டீச்சர், மேட்ச்சுல ஊதற மாரி ஊதிகினுகீற? எழில் மிஸ்ஸு ரெண்டு கையையும் வாயாண்ட குவிச்சி, ஊ...ஹூய், வூட்டுக்கு வாங்கன்னு ஒரே ஒரு கொரலு குடுக்கும். பசங்கள வுடு, நண்டு கூட வளைய வுட்டு எழுந்து வந்துடும்.”

“அவங்களுக்குப் பழக்கம், அண்ணா. எனக்கு இதுதான் முதல் வாரம்.”

“பழக்கமா? அது வேற, டீச்சர்,” என்று சொல்லிவிட்டு அவன் தண்ணீரைப் பார்த்தான்.

மத்தியானம் சோறு போடும்போது கெங்கம்மா அதே பேச்சை இழுத்தாள். எழில் தங்கம்தான், ஆனால் ஒரு குணம் உண்டாம். பிள்ளைகளை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாளாம். “ஒரு தபா பசங்களுக்கு நா சொம்மா ஒரு கத சொன்னேம்மா. அதுங்க சிரிச்சதுங்க. அவ்ளோதான், மூஞ்ச தூக்கி வச்சிகினு என்னாண்ட பேசவே இல்ல. எங்க பசங்கக்கா அதுங்க, நானே சொல்லிக்கிறேன்னுச்சி. எங்கயோ பெத்த புள்ளைங்க, எப்பிடி இதுக்குச் சொந்தமாச்சின்னு நானே நெனச்சிப்பேன்.”

அதைக் கேட்டதும் சாண்ட்ராவுக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. மறுபடி ஒரு கரண்டி குழம்பு வாங்கிக்கொண்டாள்.

ஜூலையில் வியாசர்பாடியிலிருந்து ஒரு மாநகராட்சிப் பள்ளியின் பிள்ளைகள் வந்தார்கள். கழிமுகத்தை முதல் தடவையாகப் பார்க்கிறவர்கள். திட்டிலிருந்து திரும்பியதும் முன்கூடத்தில் உட்காரவைத்து, பிஸ்கட் கொடுத்து, சாண்ட்ரா கேள்வி கேட்டாள். கண்டல் விதை மற்ற விதை மாதிரி மண்ணில் விழுந்து முளைப்பதில்லை, மரத்தில் தொங்கும்போதே முளைவிடும் என்பதை அவள் அரைமணி நேரம் விளக்கியிருந்தாள். யாராவது திருப்பிச் சொன்னால் போதும் என்று காத்திருந்தாள்.

ஒரு சின்னப் பெண் எழுந்தாள்.

“அம்மா மரம் கொழந்தைய இடுப்புலயே வச்சிகினு வளக்கும் மிஸ். பெரிசானதும் தண்ணில வுட்ரும். அது மெதந்துகினே போயி எந்தச் சேத்துல குத்தி நிக்குதோ, அந்தச் சேறுதான் அதுக்கப்புறம் அதுக்கு அம்மா.”

பிள்ளைகள் கை தட்டின. சாண்ட்ரா தட்டவில்லை. இதில் ஒரு வார்த்தைகூட அவள் சொன்னதில்லை.

“இது யாரு சொன்னது?”

“அந்த மிஸ்.”

“எந்த மிஸ்?”

சிறுமி ஜன்னலுக்கு வெளியே, திட்டைக் காட்டினாள். “அங்க சேத்துல நின்னுகினு இருந்தாங்களே. உங்களுக்குப் பின்னாடியே.”

சாண்ட்ரா எழுந்துபோய்ப் பார்த்தாள். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. புதர்களின் ஓரமாகக் கொக்கு ஒன்று நின்றது, வேறு யாரும் இல்லை. நேராக அடுப்படிக்குப் போய்க் கெங்கம்மாவைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, என் பசங்களுக்கு நீங்க ஏன் எனக்குத் தெரியாம பாடம் நடத்துறீங்க?”

“அடிப்பாவி! நா எங்கம்மா சேத்துல எறங்கினேன்? முட்டி வலில கக்கூசுக்கே புடிச்சிகினு போறேன்!”

சாயங்காலம் பிள்ளைகளை வேனில் ஏற்றும்போது அவை ஜன்னல் வழியாகக் கையை நீட்டி “டாட்டா மிஸ்! டாட்டா!” என்று கத்தின. சாண்ட்ராவும் கையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தவள், அந்தக் கண்களில் ஒன்றுகூடத் தன்னைப் பார்க்கவில்லை என்பதைக் கவனித்தாள். எல்லாம் அவள் தோளுக்கு மேலாக, பின்னால் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தன.

அவள் திரும்பினாள்.

பின்னால் காலி முற்றமும், திறந்து கிடந்த ஒரு ஜன்னலும்தான்.

வேறொருத்தியாக இருந்தால் அன்றைக்கே சிலுவை போட்டுக்கொண்டு ஊரைப் பார்க்க ஓடியிருப்பாள். சாண்ட்ராவும் சிலுவை போட்டுக்கொண்டாள். ஆனால் பயப்பட வேண்டிய இடத்தில் அவளுக்குப் பொறாமைதான் வந்தது. செத்த பிறகும் விட்டுத்தர மாட்டாளா? சம்பளம் வாங்கி வேலை செய்கிறவள் நான், பேர் வாங்கிக்கொண்டு போகிறவள் அவளா? பேருந்தில் வரும்போது இதையே நினைத்து நினைத்து, தண்டையார்பேட்டை வருவதற்குள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். அந்தக் குரலைத் தானே எடுத்துக்கொள்வது.

வீட்டு மொட்டைமாடியில் நின்று பழகினாள். இரண்டு கையையும் வாயருகே குவித்து, ஊ...ஹூய் என்று ஏற்றி, வூட்டுக்கு வாங்க என்று இறக்கி. படித்தவளின் நாக்கில் ‘வூட்டுக்கு’ ஒட்டவே மாட்டேன் என்றது. துணி உலர்த்த வந்த பிராங்கிளின் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

“என்ன சாண்ட்ரா, கோழி வளக்கப் போறியா?”

“உங்க வேலையப் பாருங்க.”

பிலோ மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது. “எழில் மிஸ் கடைசில இன்னும் நீட்டமா இழுப்பாங்கம்மா,” என்று சொல்லிக்கொடுத்தது. வயிறு எரிந்தாலும் சாண்ட்ரா இழுத்துப் பார்த்தாள். சில நாளில் அது படிந்துவிட்டது.

திட்டில் முதன்முதலாக அப்படிக் கூப்பிட்ட நாளை அவளால் மறக்க முடியாது. புதர்களெல்லாம் ஒரே சமயத்தில் அசைந்தன. சேறு பூசிய முகங்களோடு பிள்ளைகள் நாலா பக்கமிருந்தும் சிரித்துக்கொண்டே ஓடிவந்து, அவளைக் கட்டிக்கொண்டு விழுந்தன. அடேயப்பா, அப்படி ஒரு சந்தோஷம்! இதற்குத்தானே இத்தனை நாளும் ஏங்கினாள். ஒரு பெண்ணை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு அவளும் சிரித்தாள்.

குணசேகரன் மட்டும் சிரிக்கவில்லை. முகம் வெளிறிப்போய்ப் படகிலிருந்து இறங்கி அருகில் வந்தான்.

“வோணாம் டீச்சர். அத்த ஏன் எடுத்த? அது அவங்க கொரலு.”

“குரலுக்குப் பட்டா வாங்கி வச்சிருக்காங்களா அண்ணா? யாரு கூப்பிட்டா என்ன, பசங்க வந்தா சரிதானே?”

அவன் பதில் சொல்ல வாயெடுத்தான்.

அப்போது புதர்களுக்கு அப்பாலிருந்து, மெல்ல, அதே கூவல் வந்தது.

*ஊ...ஹூய். வூட்டுக்கு வாங்க.*

“எதிரொலி,” என்றாள் சாண்ட்ரா.

நாலா பக்கமும் திறந்து கிடக்கிற வெறும் சேற்றில் எதிரொலிக்கச் சுவர் ஏது என்று அவளுக்கே தெரியும். அதைவிட அவளைக் குடைந்தது வேறொன்று. அந்தக் கடைசி இழுப்பு. எவ்வளவு பழகியும் அவளுக்கு வராத நீளத்தில், அலுங்காமல் இறங்கிய அந்த இழுப்பு. எதிரொலி அவளைவிட நன்றாகக் கூப்பிட்டது. இடுப்பிலிருந்த பெண் நெளிந்து இறங்கி, சத்தம் வந்த பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது.

செப்டம்பர் கடைசியில் பிலோவின் வகுப்பு வந்தது. சாண்ட்ராதான் அலைந்து, பள்ளியில் பேசி, தேதி வாங்கியிருந்தாள். வேன் வாசலில் நின்றதும் முதல் ஆளாகக் குதித்தது பிலோ. பின்னால் இறங்கிய சிநேகிதிகளைப் பார்த்து, ஊருக்கே கேட்கிற குரலில் சொன்னது:

“பாருங்கடி, எங்க அம்மாதான் இங்க மிஸ்!”

சாண்ட்ரா வாய் கொள்ளாமல் சிரித்தாள். கெங்கம்மா கூட முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள். “கொடுத்து வச்சவம்மா நீ,” என்றாள். பிள்ளைகளோடு வந்திருந்த கன்னியாஸ்திரிக்குப் படகு என்றால் தலைசுற்றல், அவர் கரையிலேயே நின்றுகொண்டார். மற்ற எல்லாரும் திட்டுக்குப் போனார்கள். போகிற வழியெல்லாம் பிலோ அம்மாவின் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டே இருந்தது. திட்டிலும் அவளை விட்டு நகரவில்லை. அவள் நண்டைப் பற்றிச் சொன்னதை வாயைப் பிளந்துகொண்டு கேட்டது. சாண்ட்ரா தன் கையாலேயே மகளின் கையைப் பிடித்து ஒரு கன்றை நட்டுவைத்தாள். வாழ்க்கையில் இனி என்ன வேண்டும் என்று நினைத்தாள். பிறகுதான் பிலோ சிநேகிதிகளோடு புதருக்குள் ஓடியது.

பிற்பகலில் வானம் மூடியது. கடலிலிருந்து காற்று திரும்பி வீசியது. அன்றைக்கு ஏனோ தண்ணீர் சீக்கிரமே ஏற ஆரம்பித்துவிட்டது.

“டீச்சர், கூப்புடு. கெளம்பிடலாம்,” என்று குணசேகரன் படகிலிருந்து கத்தினான்.

சாண்ட்ரா இரண்டு கையையும் வாயருகே கொண்டுபோனாள்.

அவள் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

*ஊ...ஹூய்.*

குரல் திட்டின் மறுகோடியிலிருந்து வந்தது. அந்தப் பக்கம்தான் ஆழம். மணல் அள்ளிப் பள்ளமாகிப்போன ஓடை அங்கே ஓடுகிறது. வளர்ந்த ஆளே இறங்க யோசிப்பான்.

*வூட்டுக்கு வாங்க.*

புதர்கள் அசைந்தன. பிள்ளைகள் வெளியே வந்தன. படகுப் பக்கம் திரும்பாமல், குரல் வந்த பக்கமாகச் சிரித்துக்கொண்டே ஓடின.

“ஐயோ, அந்தாண்ட ஆழம்! போவாதீங்க!” குணசேகரன் தண்ணீரில் குதித்தான்.

சாண்ட்ரா தொண்டை கிழியக் கூவினாள். ஊ...ஹூய், வூட்டுக்கு வாங்க! பிள்ளைகள் நின்றன. திரும்பி அவளைப் பார்த்தன. ஒரு கணம் அவளுக்கு மூச்சு வந்தது.

மறுபடி அந்தக் குரல். இந்த முறை கத்தவில்லை. பக்கத்தில் படுத்திருக்கும் குழந்தையை எழுப்புவதுபோல அவ்வளவு மெதுவாக, அவ்வளவு பிரியமாக.

பிள்ளைகள் திரும்பி நடந்தன.

தண்ணீர் அவற்றின் முழங்காலுக்கு வந்துவிட்டது.

பெயர் சொல்லிக் கூப்பிடலாம் என்றால் அவளுக்கு ஒரு பெயரும் தெரியவில்லை. இத்தனை மாதமும் பிள்ளைகளின் கைதட்டலைத்தான் அவள் கவனித்திருந்தாள், பெயரைக் கேட்டுக்கொண்டதில்லை. தெரிந்தது ஒரே பெயர்.

“பிலோ! பிலோ!”

எல்லாருக்கும் முன்னால், இடுப்பளவு தண்ணீரில் போய்க்கொண்டிருந்த பிலோ திரும்பியது. முகமெல்லாம் சிரிப்பு.

“அம்மா! எழில் மிஸ் ஊருக்குப் போகலம்மா! இங்கயேதான் இருக்காங்க!”

சாண்ட்ரா ஓடினாள். நாலு எட்டு வைப்பதற்குள் சேறு முழங்கால் வரை இழுத்துப் பிடித்துக்கொண்டது. உருவ உருவ இன்னும் இறங்கியது. அவளைச் சுற்றி ஒரு நாற்றம் எழுந்தது. சேற்று நாற்றம் இல்லை. வெயிலில் உருகிய தாரும் டீசலும் கலந்த, நெடுஞ்சாலையின் நாற்றம். வண்டி வராத, வரவே முடியாத அந்தத் தண்ணீருக்கு நடுவில்.

அப்போதுதான் அவளுக்குப் பொறாமை விட்டது. பயம் முழுதாக வந்தது. கும்பிட்டுக்கொண்டு அழுதாள்.

“எழில்! உன் வேலைய எடுத்துக்கிட்டேன், உன் குரல எடுத்துக்கிட்டேன். நீ செத்தப்போ சந்தோஷப்பட்டேன். தப்புதான். இவங்கல்லாம் உன் பிள்ளைங்கதான்! ஒருத்தர் விடாம எல்லாரும் உன் பிள்ளைங்கதான்! நான் கேட்க மாட்டேன், இனிமே இந்தப் பக்கமே வர மாட்டேன். உன் பிள்ளைங்கள நீயே தண்ணில விடாத. அனுப்பிடு. உன் கால்ல விழறேன், அனுப்பிடு!”

காற்று நின்றது.

தண்ணீர்ச் சத்தமும் நின்றது.

ஓடைக்கு ஒரு கை தூரத்தில் பிள்ளைகள் நின்றன. யாரோ சொல்லிக்கொடுத்ததுபோல ஒருவர் தோளில் ஒருவர் கைவைத்து வரிசையானது அந்தக் கூட்டம். வந்த வழியே, அவசரமில்லாமல், சிணுங்கல்கூட இல்லாமல் திரும்பி நடந்து வந்தது. குணசேகரன் ஒவ்வொன்றாகத் தூக்கிப் படகில் போட்டான். வாய் விட்டு அழுதுகொண்டே போட்டான். ஒரு பிள்ளையும் குறையவில்லை.

கடைசியாக வந்தது பிலோ. சேற்றிலிருந்து காலை உருவிக்கொண்டு தவழ்ந்துபோய் சாண்ட்ரா அதை வாரி அணைத்தாள். முகம், தலை, கை என்று முத்தமாகப் பொழிந்தாள். பிலோ மெதுவாக விலகிக்கொண்டது.

“டிரெஸ்ல சேறு ஆகுது மிஸ்,” என்றது.

சிநேகிதிகள் பக்கத்தில் இருக்கிறார்கள், அதனால்தான் மிஸ் என்கிறாள். படகு கரைக்குப் போகும்வரை சாண்ட்ரா அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாளே வேலையை விட்டுவிட்டாள். அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டில் பிலோ சாப்பிட்டது, விளையாடியது, வீட்டுப்பாடம் எழுதியது, அப்பாவின் தோளில் தொங்கியது. அம்மாவை மட்டும் மிஸ் என்றது. பிராங்கிளின் முதலில் சிரித்தான். “போதும் பிலோ, அம்மா பாவம்ல?” என்று தட்டிக்கொடுத்தான். பிலோ அவனைப் புரியாமல் பார்த்தது. “இவங்க மிஸ்ப்பா. எங்க அம்மா எப்ப வருவாங்க?”

அதற்கப்புறம் அவன் சிரிக்கவில்லை.

டாக்டர், பிள்ளை பயந்துபோயிருக்கிறது, தானாகச் சரியாகிவிடும் என்றார். அந்தோணியார் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். பிலோ அடம்பிடிக்கவில்லை, கத்தவில்லை. அப்படி எதையாவது செய்திருந்தால்கூடச் சாண்ட்ரா தாங்கியிருப்பாள். தோசை வைத்தால் “தேங்க்யூ மிஸ்” என்றது. தூங்கப்போகும் முன் “குட் நைட் மிஸ்” என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது. குளிப்பாட்ட விடவில்லை, தலை வாரவும் விடவில்லை. இரும்புப் பெட்டிகளைத் தூக்கிப் பழகிய கையால் பிராங்கிளின்தான் காலையில் ஏதோ ஒரு ரப்பர் பேண்டைப் போட்டு முடியைக் கட்டி அனுப்புவான். கதவோரம் நின்று சாண்ட்ரா அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இப்போது அவளுக்குத் தன் புருஷன்மேலும் பொறாமை.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முந்தைய நாள். பள்ளி விட்டதும் அழைத்துவரலாம் என்று சாண்ட்ரா சீக்கிரமே போய் வாசலில் நின்றாள். பிள்ளைகள் வந்துகொண்டே இருந்தன. பிலோ வரவில்லை. கூட்டம் குறைந்து, வாசல் வெறிச்சோடியது. அன்று கரையில் நின்ற அதே கன்னியாஸ்திரி கேட்டைப் பூட்ட வந்தார்.

“பிலோமினா எங்க சிஸ்டர்?”

“அப்பவே போயாச்சேம்மா. அவங்க அம்மா வந்து வெளிய நின்னு கூப்பிட்டாங்க. குரல் கேட்டதும் பாதி வகுப்புல ஓடிட்டா. நானும் விட்டுட்டேன்.” அதைச் சொல்லி முடித்த பிறகுதான் அவர் சாண்ட்ராவின் முகத்தைச் சரியாகப் பார்த்தார். “ஏம்மா... நீங்கதானே அவ அம்மா?”

சாண்ட்ரா சாலைக்குப் பாய்ந்தாள். கல்மண்டபம் மார்க்கெட் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினாள். திட்டினார்கள், காதில் விழவில்லை. எண்ணூருக்குப் போகிற பேருந்து ஒன்று எதிரே வந்தபோது அதன் ஜன்னல்களையெல்லாம் எட்டி எட்டிப் பார்த்தாள். செருப்பு எங்கே கழன்றது என்று தெரியவில்லை.

வீட்டு வாசல்.

பிலோ படிக்கட்டில் உட்கார்ந்திருந்தது. மடியில் பை. உடம்பில் ஒரு கீறல் இல்லை. கால் இரண்டையும் ஆட்டிக்கொண்டு, தனக்குள் ஏதோ பாடிக்கொண்டிருந்தது.

சாண்ட்ரா அப்படியே தரையில் சரிந்தாள். ஆண்டவரே, ஆண்டவரே என்பதைத் தவிர அவள் வாயில் வேறு வார்த்தை வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் பிலோவின் தலையைக் கவனித்தாள்.

காலையில் ரப்பர் பேண்ட் போட்டிருந்த முடி, இப்போது வகிடு எடுத்து, இரட்டைப் பின்னலாக மடித்து, ரிப்பன் கட்டியிருந்தது. ஒரு முடி பிசிறவில்லை. அவ்வளவு பொறுமையாக, அவ்வளவு ஆசையாக யாரோ உட்கார்ந்து பின்னியிருந்தார்கள். நுனிகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அவள் கையை நீட்டினாள். விரல் பின்னலைத் தொடுவதற்குள் பிலோ தலையை இழுத்துக்கொண்டது.

“தொடாதீங்க மிஸ், கலைஞ்சிடும். அம்மா இப்பதான் பின்னி விட்டாங்க.”